வெந்தய வாசனை வீசும் மஞ்சள் ஒயின்: ஜூராவுக்கு ஓர் எளிய அறிமுகம்

வெந்தயத்தை வெறும் கடாயில் போட்டு வறுக்கும்போது, அது கருகுவதற்குச் சற்று முன் ஒரு வாசனை எழும். லேசான கசப்பு, அடியில் வெல்லப்பாகு போல ஓர் இனிப்பு. கையைக் கழுவினாலும் போகாது. பிரான்சின் கிழக்கு ஓரத்தில் ஜூரா என்ற மலைப் பகுதியில் தயாராகும் ஒரு ஒயினிலும் அதே வாசனை வருகிறது. உவமைக்காகச் சொல்லவில்லை. வெந்தயத்துக்கு அந்த மணத்தைத் தரும் சோட்டோலான் என்ற வேதிப்பொருள்தான் அந்த ஒயினிலும் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் அதை முகர்ந்துவிட்டு 'வால்நட்' என்பார்கள், 'கறி மசாலா' என்பார்கள். கறிப் பொடி டப்பாவைத் திறந்ததும் முதலில் மூக்கில் ஏறுவது பெரும்பாலும் அதிலுள்ள வெந்தயம்தான். நமக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை.

ஒயினைப் பற்றித் தெரிந்துகொள்ள எங்கே தொடங்கலாம் என்று கேட்டால் போர்தோ, பர்கண்டி என்ற பெயர்பெற்ற பிரெஞ்சு ஒயின் பகுதிகளைத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். நான் ஜூராவைச் சொல்வேன். மொத்தத் தோட்டப் பரப்பே சுமார் 2,000 ஹெக்டேர்தான். முக்கியமான திராட்சை வகைகள் ஐந்தே ஐந்து. ஆனாலும் சிவப்பு, வெள்ளை, நுரைக்கும் ஒயின், உலர்திராட்சை ஒயின், மஞ்சள் ஒயின் என்று எல்லாமே அந்த இத்தனூண்டு இடத்தில் உண்டு. ஒரு திராட்சையை என்னவெல்லாம் செய்யலாம் என்பதற்கு இதைவிடக் கச்சிதமான பாடம் கிடைப்பது கடினம்.

பர்கண்டிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவே, வடக்கு தெற்காகச் சுமார் 80 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடும் மலைச்சரிவுதான் ஜூராவின் ஒயின் பகுதி. டைனோசர்களால் உலகம் முழுக்கப் பழகிவிட்ட 'ஜுராசிக்' என்ற சொல் இந்த மலையின் பெயரிலிருந்து வந்ததுதான். குளிர் கடுமை, மழையும் தாராளம். வசந்தத்தில் துளிர் விட்டபிறகு உறைபனி விழுந்தால் அந்த வருட விளைச்சலில் பெரும்பகுதி போய்விடும். 2021-ல் அப்படித்தான் ஆயிற்று. மண் பெரும்பாலும் சுண்ணாம்பு கலந்த நீலச் சாம்பல் களிமண். மழை பெய்தால் செருப்பை விடாமல் பிடித்துக்கொள்ளும் ரகம்.

பாலுக்கு ஒரு சங்கம், திராட்சைக்கு ஒரு சங்கம்

இந்தப் பகுதியின் ஒயின் தலைநகரம் ஆர்புவா என்ற சிறு ஊர். அங்கே 1906-ல் தொடங்கிய ஒரு கூட்டுறவு ஒயின் ஆலை இன்றும் நடக்கிறது. பிரான்சிலேயே மிகப் பழைய ஒயின் கூட்டுறவுகளில் அதுவும் ஒன்று. அதன் பெயர் 'ஃப்ருய்த்தியேர் வினிக்கோல் தார்புவா'. பழம் என்ற பொருளில் ஒலிக்கும் அந்த முதல் சொல்லைப் பார்த்து, திராட்சைப் பழத்தால் வந்த பெயர் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது பாலாடைக்கட்டிக்காரர்களின் சொல்.

ஜூரா மலையின் பெரிய பாலாடைக்கட்டியின் பெயர் கோன்தே. ஒரு வட்டு சுமார் 40 கிலோ இருக்கும்; அதற்கு ஏறக்குறைய 400 லிட்டர் பால் வேண்டும். நாலைந்து மாடு வைத்திருக்கும் குடியானவரால் ஒரு நாளில் அவ்வளவு பால் கறக்க முடியாது. அதனால் ஊரார் எல்லோரும் பாலை ஓரிடத்தில் ஊற்றி, ஒரே வட்டாக்கி, வருமானத்தைப் பிரித்துக்கொண்டார்கள். பாலைப் 'பலன் தரவைக்கும்' இடம் என்ற பொருளில் அந்த இடத்துக்கு ஃப்ருய்த்தியேர் என்று பெயர். இடைக்காலத்திலிருந்தே வரும் ஏற்பாடு இது. நம் ஊர்ப் பால் சொசைட்டியின் பல நூற்றாண்டு மூத்த அக்கா என்று வைத்துக்கொள்ளலாம்.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பில்லோக்சிரா என்ற வேர்ப்பேன் பிரான்சு முழுக்கத் திராட்சைக் கொடிகளைத் தின்று தீர்த்தது. ஜூராவில் அதற்கு முன் சுமார் 20,000 ஹெக்டேர் திராட்சை இருந்தது. இன்று இருப்பது பத்தில் ஒரு பங்கு. நொடித்துப்போன ஆர்புவா விவசாயிகள், பக்கத்து மலைக்காரர்கள் பாலுக்குச் செய்ததைத் திராட்சைக்குச் செய்துபார்த்தார்கள். சொல்லையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். சேர்ந்து நிற்பது அந்த ஊருக்குப் புதிதும் இல்லை. 1834-ல் அங்கே ஒரு கிளர்ச்சி நடந்தபோது, உங்கள் தலைவன் யார் என்று படைவீரர்கள் கேட்டார்களாம். 'நாங்கள் எல்லோருமே தலைவர்கள்தான்' என்று வட்டார மொழியில் பதில் வந்ததாக இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஐந்து திராட்சைகள்

முதலில் ஓர் அடிப்படை விஷயம். திராட்சைச் சாற்றில் இருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. அதுதான் ஒயின். அநேகமாக எல்லாத் திராட்சைகளுக்கும், கறுப்புத் திராட்சை உட்பட, உள்ளே சாறு நிறமற்றதுதான். சாற்றைத் தோலோடு ஊறவிட்டால் நிறமும் துவர்ப்பும் இறங்கிச் சிவப்பு ஒயின். தோலை உடனே பிரித்துவிட்டால் வெள்ளை. ஒயின் புத்தகங்கள் 'டானின்' என்று பக்கம் பக்கமாக விளக்குவது வேறொன்றுமில்லை, கொட்டைப்பாக்கிலும் வாழைப்பூவிலும் இருக்கும் நம்முடைய துவர்ப்புதான். அறுசுவையில் அதற்குத் தனி இடம் கொடுத்துவிட்ட மொழிக்காரர்களுக்கு இந்த அத்தியாயம் சுலபம்.

ஜூராவின் சிவப்புத் திராட்சைகள் மூன்று. பூல்சார் என்பதன் தோல் மெல்லியது. ஒயின் வெளிறிப்போய், ரோஸ் நிறத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். துவர்ப்பு குறைவு, சிவந்த சிறு பழங்களின் வாசனை. ஆர்புவாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ப்யூபியான் என்ற கிராமம் தன்னைப் பூல்சாரின் உலகத் தலைநகரம் என்று அறிவித்துக்கொண்டிருக்கிறது. அடுத்தது த்ரூசோ. இதற்கு வெயிலும் சூடேறும் சரளை மண்ணும் வேண்டும். மிளகுக் காரம், அழுத்தமான பழச்சுவை. மூன்றாவது பர்கண்டியிலிருந்து வந்த பினோ நுவார். அதைப் பற்றி மற்றவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள்.

வெள்ளையில் இரண்டு. ஷார்தொனே உலகெங்கும் விளைவது, ஜூராவிலும் அதிகம் நடப்பட்டிருப்பது அதுதான். இன்னொன்று சவன்யான். கதையின் நாயகன் இவன்.

சவன்யான் மிகப் பழைய திராட்சை. ஒர்லேயான் நகரில் அகழ்வாய்வில் கிடைத்த, சுமார் 900 ஆண்டுகள் பழமையான ஒரு திராட்சை விதையின் மரபணுவை ஆராய்ந்தபோது, அது இன்றைய சவன்யானேதான் என்று தெரிந்தது. முடிவு 2019-ல் வெளிவந்தது. விதை போட்டு வளர்த்தால் திராட்சை தாயைப் போல இருக்காது. கிளையை வெட்டி நட்டால்தான் அதே செடி வரும். ஆக, ஒன்பது நூற்றாண்டுகளாக யாரோ ஒருவர் மாற்றி ஒருவர் அதே கொடியிலிருந்து குச்சி ஒடித்து நட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். தோல் தடித்த, மெதுவாகப் பழுக்கிற, புளிப்பு குறையாத திராட்சை இது. அந்தப் புளிப்புதான் பின்னால் இத்தனை ஆண்டுகள் தாங்க உதவுகிறது.

ஆடை படியவிடுவது

சாதாரணமாக ஒயினைப் பீப்பாயில் வைத்தால் மரத்தின் நுண்துளைகள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். மேலே காலியிடம் விழும். அங்கே காற்று சேர்ந்தால் ஒயின் காடியாகப் புளித்துவிடும். அதனால் உலகமெங்கும் வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை பீப்பாயை விளிம்புவரை நிரப்பி வைப்பார்கள். பிரெஞ்சில் அதற்கு 'உய்யாஜ்' என்று பெயர்.

மஞ்சள் ஒயின் செய்கிறவர்கள் அதைச் செய்வதில்லை. சவன்யானை நொதிக்கவைத்து ஓக் பீப்பாயில் ஊற்றி, அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆவியாகட்டும், குறையட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சில மாதங்களில் ஈஸ்ட் மேலே மிதந்து வந்து, ஆறின பாலில் ஆடை படிவதுபோல ஒயினின் மேல் படலமாகப் படிகிறது. இதை 'வுவால்' என்கிறார்கள். முக்காடு என்று பொருள். உப்புநீரில் ஊறும் ஊறுகாயின் மேல் இப்படி வெள்ளையாகப் பூத்தால் நம் வீட்டில் ஜாடியோடு தூக்கிக் கொட்டிவிடுவார்கள். இங்கே அதுதான் காவல். காற்றை முழுவதும் உள்ளே விடாமல், துளித்துளியாக மட்டும் விடுகிறது. கீழே ஒயின் காடியாகாமல் மெல்ல மாறுகிறது. முதலில் பச்சை ஆப்பிள், வால்நட் போன்ற வாசனைகளைத் தரும் அசிட்டால்டிஹைடு சேர்கிறது. நம்முடைய வெந்தய சோட்டோலான் கடைசியில்தான் வரும், அதற்குப் பல வருடம் பிடிக்கும்.

எத்தனை வருடம்? சட்டமே இருக்கிறது. அறுவடைக்குப் பிறகு ஆறாவது ஆண்டின் டிசம்பர் 15 வரை பாட்டிலில் அடைக்கக் கூடாது. அதில் குறைந்தது 60 மாதம் அந்த ஆடைக்கு அடியில் இருந்திருக்க வேண்டும். 2018-ல் பறித்த திராட்சை, 2025 தொடக்கத்தில்தான் குடிக்கிறவர் கைக்கு வந்தது. ஆண்டுதோறும் பிப்ரவரித் தொடக்கத்தில் ஏதாவது ஓர் ஊரில் விழா எடுத்து, புதிய மஞ்சள் ஒயினின் முதல் பீப்பாயைத் துளைத்துத் திறக்கிறார்கள். 1997-லிருந்து நடக்கும் வழக்கம்.

எல்லாப் பீப்பாய்களும் இந்தப் பயணத்தை முடிப்பதில்லை. சிலவற்றில் ஆடை கிழிந்துபோகும், சிலவற்றில் புளிப்பு எகிறிவிடும். அவ்வப்போது மாதிரி எடுத்துப் பார்த்து, தேறாததைப் பாதி வழியிலேயே எடுத்து, வெறும் சவன்யான் என்ற பெயரில் விற்றுவிடுகிறார்கள். அதுவும் நன்றாகவே இருக்கும். விலையும் குறைவு. ஸ்பெயினின் ஷெர்ரி என்ற ஒயினிலும் இதே மாதிரி ஈஸ்ட் ஆடை உண்டு. ஆனால் அதில் வழக்கமாக வெளியிலிருந்து ஆல்கஹால் சேர்க்கிறார்கள், மஞ்சள் ஒயினில் எதுவும் சேர்ப்பதில்லை.

ஊற்றின ஒரு லிட்டரில் ஆறு வருடம் கழித்து மிஞ்சுவது சுமார் 62 சென்டிலிட்டர் என்பது கணக்கு. அதற்கென்றே 62 சென்டிலிட்டர் கொள்ளும் குட்டையான, தோள் அகன்ற 'க்ளாவ்லான்' என்ற தனி பாட்டில் வைத்திருக்கிறார்கள். மற்ற ஒயின்களின் 75 சென்டிலிட்டரைவிடக் குறைவாகக் கொடுத்து அதிக விலை வாங்குகிறார்களே என்று எரிச்சல் வரலாம். காணாமல் போன 38 சென்டிலிட்டர் நிலவறையின் காற்றோடு போய்விட்டது.

மஞ்சள் ஒயின்களில் உச்சம், ஷாத்தோ ஷலோன் என்ற மலையுச்சிக் கிராமத்தில் வருவது. அறுவடைக்கு முன் ஒரு குழு தோட்டங்களைச் சுற்றிப் பார்த்துப் பழத்தின் தரத்தை எடைபோடும். 1974, 1980, 1984, 2001 ஆகிய ஆண்டுகளில் பழம் சரியில்லை என்று முடிவாகி, அந்தப் பெயரில் ஒயினே வரவில்லை.

இது எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு ஒரு தகவல் போதும். 1774-ல் விளைந்த மஞ்சள் ஒயின் பாட்டில் ஒன்று 2018-ல் ஜூராவிலேயே ஏலத்துக்கு வந்து 1,03,700 யூரோவுக்குப் போனது. பதினாறாம் லூயி பட்டமேறிய வருடத்துத் திராட்சை.

இங்கே லூயி பாஸ்டரைச் சொல்லாமல் நகர முடியாது. பால் பாக்கெட்டில் 'பாஸ்சுரைஸ்டு' என்று அச்சடிக்கக் காரணமான அவர், 1822-ல் பக்கத்து ஊரான டோலில் பிறந்து ஆர்புவாவில் வளர்ந்தவர். ஒயின் ஏன் கெடுகிறது என்று கண்டுபிடிக்கும்படி பேரரசர் மூன்றாம் நெப்போலியன் கேட்டுக்கொண்டபோது, ஆர்புவாவுக்கு வந்து அந்த ஊர் ஒயின்களை வைத்தே ஆராய்ந்தார். மிதமாகச் சூடாக்கினால் கெடுக்கும் கிருமிகள் சாகும் என்று அவர் முதலில் காட்டியது ஒயினில்தான். பாலுக்கு அந்த முறை பிற்பாடு போனது. ஊருக்கு வெளியே அவர் வாங்கிய சிறு திராட்சைத் தோட்டமும் இன்னும் இருக்கிறது.

தட்டில் என்ன வைப்பது

மஞ்சள் ஒயினுக்கு முதல் ஜோடி கோன்தே. இதில் ஊரில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் எந்தக் கோன்தே என்பதில் கவனம் வேண்டும். குறைந்தபட்சம் நாலு மாதம் பழுத்த இளம் கட்டியும் கடையில் கிடைக்கும். பால்வாசனையோடு மென்மையாக இருக்கும், இந்த ஒயினுக்கு முன்னால் காணாமல் போய்விடும். 18 மாதம், 24 மாதம் பழுத்ததைக் கேட்க வேண்டும். கடித்தால் பல்லில் நறநறவென்று சிறு படிகங்கள் தட்டுப்படும்; வறுத்த கொட்டை வாசனை வரும். அந்த உப்பும் கொழுப்பும் ஒயினின் புளிப்பைத் தணிக்கின்றன, புளிப்பு நாக்கில் படிந்த கொழுப்பை வழித்துவிடுகிறது. மோருக்கும் நெய்ச்சோற்றுக்கும் நடக்கிற அதே பேரம். கூடவே நாலு வால்நட் வைத்தால் அதுவே ஒரு சாப்பாடு.

அடுத்தது கோழி. பக்கத்து ப்ரெஸ் பகுதியில் வளரும் நாட்டுக்கோழியைத் துண்டுபோட்டு வெண்ணெயில் சிவக்க வறுத்து, மஞ்சள் ஒயினும் க்ரீமும் ஊற்றி, மோரில் என்ற காட்டுக் காளானைச் சேர்த்து மெல்லக் கொதிக்கவிடுவார்கள். தேன்கூடு போலத் துளைகள் நிறைந்த அந்தக் காளான், சாற்றையெல்லாம் உறிஞ்சிவைத்துக்கொண்டு வாயில் போனதும் வெளியே விடும். என் கணக்கில் பிரெஞ்சுச் சமையலின் மிகச் சிறந்த பத்தில் இது வரும்.

கறி மசாலா வாசனையுள்ள உணவோடு மஞ்சள் ஒயின் சேரும் என்று பிரெஞ்சு ஒயின் பரிமாறுநர்கள் சொல்வதுண்டு. க்ரீம் ஊற்றி மிதமாகச் செய்த குருமாவுக்கு அது சரிதான். அதற்காக வத்தக்குழம்புச் சோற்றோடு திறந்துவிட வேண்டாம். ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும். புளியும் ஒயினின் புளிப்பும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும்.

சிவப்புகள் எளிமையானவை. பூல்சாருக்குப் புகைபோட்ட மோர்த்தோ தொத்திறைச்சி, பதப்படுத்திய பன்றி இறைச்சித் துண்டுகள். த்ரூசோவுக்கு வேட்டை இறைச்சி, காளான். காற்று படாமல் நிரப்பி வைத்த ஷார்தொனேவுக்கு ஆற்று மீன். மோர்பியே என்ற இன்னொரு பாலாடைக்கட்டி உண்டு, நடுவில் சாம்பல் நிறக் கோடு ஓடும். காலைப் பாலுக்கும் மாலைப் பாலுக்கும் நடுவே சாம்பல் தூவி வைத்த பழக்கத்தின் மிச்சம் அந்தக் கோடு. அது சாதாரண சவன்யானோடு போகும்.

பரிமாறும் வரிசை ஒன்றுதான் புதியவர்களைக் குழப்பும். மற்ற ஊர்களில் வெள்ளைக்குப் பிறகு சிவப்பு. ஜூராவில் சிவப்பை முதலில் ஊற்றிவிட்டு, பிறகு வெள்ளைக்குப் போவார்கள். காரணம் எளிது: வெளிறிய பூல்சார், ஆடை படிந்த சவன்யானுக்குப் பிறகு வந்தால் தண்ணீர் மாதிரி தெரியும்.

இனிப்பில் ஒன்று சொல்ல வேண்டும். 'வைக்கோல் ஒயின்' என்று ஒரு வகை. திராட்சைக் கொத்துகளை வைக்கோலிலோ மரப்பெட்டியிலோ குறைந்தது ஆறு வாரம் உலரவிட்டு, அநேகமாக உலர்திராட்சையான பிறகு பிழிவார்கள். 100 கிலோ பழத்துக்கு 15 முதல் 18 லிட்டர் சாறு வந்தால் அதிகம். அரை பாட்டில் அளவில்தான் விற்கும். நீலப் பூஞ்சை ஓடிய பாலாடைக்கட்டியோடு ஒரு மடக்கு குடித்தால் போதும். நுரைக்கும் க்ரெமானும், திராட்சைச் சாற்றில் பிராந்தி கலந்த மக்வானும்கூட உண்டு. விருந்தின் தொடக்கத்துக்கு நல்லவை.

வாங்கும்போது

ஜூரா வெள்ளை ஒயினில் ஏமாற்றம் வருவது பெரும்பாலும் ஒரே காரணத்தால். பழவாசனையை எதிர்பார்த்துத் திறந்தால் வெந்தயம் வரும், அல்லது நேர்மாறாக நடக்கும். லேபிளில் 'உய்யே' என்று இருந்தால் பீப்பாயை நிரப்பி வைத்தது, புத்துணர்ச்சியான வெள்ளை. 'சூ வுவால்' அல்லது 'திராதிசியோன்' என்று இருந்தால் ஆடைக்கு அடியில் கொஞ்ச காலம் இருந்தது, வெந்தயம் எட்டிப்பார்க்கும். 'வான் ஜோன்' என்றால் நாம் இவ்வளவு நேரம் பேசிய மஞ்சள் ஒயின். முதல்முறை வாங்குகிறவர் நேராக அதற்குப் போகாமல், ஆடைக்கடியில் இருந்த ஒரு சாதாரண சவன்யானில் தொடங்கலாம். அது பிடிக்கவில்லையென்றால் மஞ்சள் ஒயினும் பிடிக்காது. பணம் மிச்சம்.

மஞ்சள் ஒயினை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் குடிக்கக் கூடாது. 14 முதல் 16 டிகிரி சூடு வேண்டும், குளிர்ந்தால் வாசனை மூடிக்கொள்ளும். இரவு விருந்துக்குக் காலையிலேயே தக்கையைத் திறந்து வைத்துவிடலாம், ஒன்றும் ஆகாது. ஆறு வருடம் காற்றோடு பழகின சரக்கு அது. சாதாரண ஒயின் திறந்த மூன்றாம் நாள் சோர்ந்துவிடும். இது தக்கையைத் திரும்பச் செருகி வைத்தால் வாரக்கணக்கில் நிற்கும். அதனால் ஒரே இரவில் தீர்க்க வேண்டிய அவசரமும் இல்லை. கோழியைச் சமைக்கும் சட்டியில் விலை குறைந்த சவன்யானை ஊற்றிவிட்டு, இறக்குவதற்கு முன் பாட்டிலிலிருந்து ஒரு கரண்டி மஞ்சள் ஒயின் விட்டால் போதும். சமையலறை முழுக்க வெந்தயம் மணக்கும்.